தலைநகரத்துக்குச் சுவர் போதவில்லை

கோணப்பட்டியில் புத்தியை யாரும் அநாவசியமாகச் செலவழித்ததில்லை. அவ்வூர்ப் பள்ளியின் தாளாளர் பஞ்சாட்சரம், புளி மண்டியில் மூட்டை தூக்கி, பேரம் பேசியே முன்னுக்கு வந்தவர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

ஒருநாள் கல்வி அதிகாரி வந்து பரீட்சைத் தாள்களை மேசையில் வீசினார்.

"தலைநகரம் எதுன்னு கேட்டா, செல்போன் மெசேஜ் மாதிரி 'செ'ன்னு எழுதி வெச்சிருக்குங்க! அடுத்த பரீட்சையில விடை முழுசா இருக்கணும். இல்லேன்னா பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிடுவேன்."

"முழுசுன்னா கட்டுப்படியாகாதுங்க. முக்காவாசிக்கு முடிச்சுக்குவோமா?" என்றார் பஞ்சாட்சரம்.

"முழுசா! இன்னொண்ணு. விடைத்தாள் எதுவும் வெளியே போகக் கூடாது. எல்லாத்தையும் கட்டி என் ஆபீசுக்கு அனுப்பணும்."

அவர் போனதும் ஆலோசனை நடந்தது.

"செல்போன் உள்ளங்கை அகலம். அதுக்குள்ள அடங்கி அடங்கித்தான் எழுத்து குறுகிப்போச்சு" என்றார் தலைமையாசிரியர் ஞானமுத்து.

"பரீட்சைத் தாளும் சின்னதுதானே சார்?" என்றார் கணக்கு வாத்தியார் செம்புலிங்கம்.

"அதான் சங்கதி! இடத்தைப் பெருசாக்கினா எழுத்து தானா நீளும்."

பஞ்சாட்சரம் மேசையில் ஓங்கிக் குத்தினார். "அப்புறம் என்னய்யா கஞ்சத்தனம்? சுவரைக் குடுங்க!"

பரீட்சையன்று ஏழாம் வகுப்பு சுந்தரவல்லியிடம் ஒரு வாளி கறுப்புப் பெயின்ட்டும் வெள்ளையடிக்கிற மட்டையும் கொடுத்து, "துளி இடம் மிச்சம் வைக்காதே" என்றார்கள். அவள் தரையிலிருந்து கூரை வரைக்கும் 'செ' போட்டாள். வடக்குச் சுவர் தீர்ந்தது.

"பார்த்தீங்களா, எழுத்து எப்படி வளர்ந்துடுச்சு!" என்று ஞானமுத்து கண் கலங்கினார்.

தெற்குச் சுவரை 'ன்' விழுங்கியது. பள்ளிக்கூடமே அந்த ஒரே கூடம்தான்; மற்ற இரண்டு பக்கமும் வெறும் மூங்கில் தட்டி. 'னை'க்கு இடமில்லை. அந்த நேரம் பார்த்து அதிகாரியின் வெள்ளை ஜீப் வளாகத்துக்குள் வந்து நின்றது. அவர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றபோது, சுந்தரவல்லி வெளியே ஜீப் கதவில் விடையை முடித்துவிட்டாள்.

"நாளைக்கே மூடுறேன்யா!" என்று கத்தியபடி அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

பஞ்சாட்சரம் சக்கரத்துக்கு முன்னால் நீட்டிப் படுத்தார். "விடைத்தாள் வெளியே போகக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"யோவ், இது என் ஜீப்!"

"ஜீப் உங்களுது. கதவு விடைத்தாள். கதவைக் குடுத்துட்டு வண்டியை எடுத்துக்கங்க. இதுக்குமேல நான் இறங்கி வர மாட்டேன்."

மத்தியானம் அதிகாரி கதவில்லாத ஜீப்பில், கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி ஊர் போய்ச் சேர்ந்தார்.

எல்லாத்தையும் கட்டி அனுப்பச் சொன்னாரே! கடப்பாரை போட்டு இரண்டு சுவரையும் பெயர்த்து, வைக்கோல் பிரியால் கட்டி, கதவை மேலே வைத்து லாரியில் ஏற்றினார்கள். மரத்தூண்களின் மேல் கூரை மட்டும் நின்றது. தடையாக இருந்த தட்டிகளையும் பிடுங்கிப் போட்டாயிற்று.

மறுநாள் உத்தரவு வந்தது. ஞானமுத்து அதைப் பிரித்துப் படித்தார். "பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிட்டாங்க ஐயா!"

பஞ்சாட்சரம் நாலு பக்கமும் வெட்டவெளியைப் பார்த்தார். மீசையை முறுக்கினார்.

"மூடட்டும்யா. முதல்ல நாலு சுவர் எழுப்பி, கதவும் போட்டுட்டு மூடட்டும். செலவு அவங்களுது. அதுல ஒரு பைசா நான் குறைக்க மாட்டேன்!"