மல்லிகைப் பாத்திக்குப் பால்

கடைசியில் சிரிப்பு உண்டு. நிச்சயம் உண்டு. ஆனால் இப்போது சொரிமுத்து நடுங்கிக்கொண்டிருக்கிறார், அதனால் பல்லை மூடிக்கொண்டு வாருங்கள்.

“பயமா இருக்கு தாயி,” என்றார் சொரிமுத்து.

“எதுக்கு?” என்றார் உச்சினியம்மா.

“எல்லாத்துக்கும்.”

பொதிகை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். மடத்தை ஒட்டி ஒரு நந்தவனம். அங்கே பூப்பது மலைக்கோயிலுக்குப் போகும். உச்சினியம்மாதான் மடத்துக்குக் குரு, தோட்டக்காரி, சமையல்காரி எல்லாம். சொரிமுத்துவைவிட மிகவும் இளையவர்.

சொரிமுத்து மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். மனைவி இறந்தபின் வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

“கதவு காத்துல டொக்குனு சாத்தினாலும் ஈரக்கொலை நடுங்குது தாயி. இங்கதான் சோறு இறங்குது. இங்கயே இருந்துக்கிடட்டுமா?”

“தோட்டத்தைப் பாருங்க. மாசியில மல்லி பூத்தா இருங்க. பூக்கலைன்னா ஊருக்குக் கிளம்பணும்.”

அது ஆடி மாதம்.

“அவரை விதை ஊனுங்க,” என்றார் உச்சினியம்மா.

ஊன்றினார். மறுநாள் காலையில் தோண்டிப் பார்த்தார். மூடினார். அடுத்த நாளும் தோண்டிப் பார்த்தார்.

“என்ன செய்யுதீங்க?”

“முளைச்சிருச்சான்னு பாக்கேன்.”

“முளைச்சிருச்சா?”

“இல்ல தாயி. எல்லாம் செத்துப்போச்சு.”

உச்சினியம்மா வேறு விதை எடுத்துக் கொடுத்தார். அதுதான் சொரிமுத்துவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

புரட்டாசியில் செவ்வந்திக்கு நுனி கிள்ளச் சொன்னார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிள்ளினார். கிள்ளியதில் பாதி அருகம்புல்.

ஐப்பசியில் மழை கொட்டியது. பாத்தித் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டச் சொல்லிவிட்டு உச்சினியம்மா உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தால், சொரிமுத்து தொப்பலாக நனைந்து நிற்கிறார். குடை ரோஜாக் கன்றின் தலைக்கு மேல்.

சிரிக்காதீர்கள். சிரிப்பு இது இல்லை.

மார்கழி வந்தது.

“மல்லிக்குக் கவாத்து. முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்க. இலை ஒண்ணு விடாம உருவிடுங்க. தண்ணி நிறுத்தியாச்சு. தை கடைசி வரைக்கும் ஒரு சொட்டு விடப்படாது.”

“செத்துருமே தாயி!”

“வெட்டுங்க.”

வெட்டி முடித்தபோது பாத்தியில் பச்சை என்று ஒன்றுமில்லை. குச்சி குச்சியாக நின்றது. சொரிமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். மனைவியைக் கடைசியாகப் பார்த்த ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவுக்கு வந்தது. அன்று இரவு மடத்துச் சோறும் அவருக்கு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து உச்சினியம்மா பாத்தி ஓரத்தில் குனிந்தார்.

“இந்த ஒரு செடி மட்டும் ஏன் தளிர்க்குது?”

“மழை பெஞ்சிருக்கும் தாயி.”

“இந்தச் செடிக்கு மட்டுமா?”

சொரிமுத்து வானத்தைப் பார்த்தார். வானம் அவருக்கு உதவவில்லை.

“இப்ப தண்ணி குடிச்சா இலைதான் வரும். பூ வராது,” என்றார் உச்சினியம்மா. “அப்புறம் உங்க இஷ்டம்.”

சொரிமுத்துவுக்கும் புரிந்தது. தலைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. மறுநாள் பொழுது சாயும் நேரம், துண்டுக்குள் செம்பை மறைத்துக்கொண்டு பாத்திக்குள் கால் வைத்தார்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

செம்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம், சொரிமுத்து கிணற்றடியில்.

கொஞ்ச நேரம் கழித்து உச்சினியம்மா புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“என்னாச்சு?”

“பா... பா... பாம்பு!”

“பாத்தீங்களா?”

“கேட்டேன்! இம்புட்டுப் பெருசா இருக்கும் தாயி, சீறுனதுல காது அடைச்சுப்போச்சு!”

“அப்படியா,” என்றார் உச்சினியம்மா. “சரி. வெள்ளிக்கிழமை தோறும் பாத்தி ஓரம் பால் வைங்க. வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுங்க.”

அதன்பிறகு சொரிமுத்து அந்தப் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் தேங்காய்ச் சிரட்டையில் பாலை ஊற்றி, கையை நீட்டி, பாத்தி ஓரக் கல்லின் மேல் வைத்துவிட்டு ஓடுவார். கிணற்றடியில் நின்று மூச்சு வாங்குவார். மறுநாள் சிரட்டை காலியாக இருக்கும்.

“குடிச்சிருச்சு தாயி!”

“குடிக்கத்தானே வச்சீங்க.”

தை கடைசியில் உச்சினியம்மாவே எருக்கூடையோடு பாத்திக்குள் இறங்கினார். தண்ணீரும் பாய்ச்சினார். சொரிமுத்து தூரத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கடிக்கலையா?”

“கேட்டுக்கிட்டுத்தான் இறங்கினேன்.”

மாசி பாதிக்கு மேல் ஓடிவிட்டது. சொரிமுத்து தன் பையைத் தானே எடுத்துவைத்தார். இரண்டு வேட்டி, மனைவியின் படம். பையைப் பார்த்தால் பயம், பாத்தியைப் பார்த்தால் பயம். பூத்ததா இல்லையா என்று அங்கே போய்ப் பார்க்கவும் பயம். உச்சினியம்மாவிடம் கேட்க அதைவிடப் பயம்.

கடைசி வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம், பாலை வைத்தார். ஓடினார்.

கிணறு வரை வந்துவிட்டார். காற்று திரும்பியது.

வாசனை.

நின்றார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது ஞாபகம் வந்தது. திரும்பினார். இரண்டடி வைத்தார். வாசனை கூடியது. இன்னும் இரண்டடி. கல்லைத் தாண்டினார். கண் பட்ட இடமெல்லாம் வெள்ளை. ஒவ்வொரு கிளையிலும் மொட்டு விரிந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டார். மண் ஈரமாக, குளிர்ச்சியாகப் பாதத்தில் ஒட்டியது. வெறுங்காலோடு பாத்தி நடுவில் நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

புதருக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

சொரிமுத்து கிளையை விலக்கினார்.

உச்சினியம்மா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சிரட்டை. மேலுதட்டில் வெள்ளைக் கோடு.

சொரிமுத்து சிரட்டையைப் பார்த்தார். உச்சினியம்மாவைப் பார்த்தார். திரும்பவும் சிரட்டையைப் பார்த்தார். அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது.

உச்சினியம்மா புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தனை வாரத்துல ஒரு நாளாவது கொஞ்சம் சீனி போட்டிருக்கக் கூடாதா?”