கரடியார் நகம் பதித்த கிட்டார்

ஒரு காட்டில், அருவிக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தி மரத்தில், துடியன் என்ற குரங்கு தன் மனைவி செம்பியோடு குடியிருந்தான். துடியனுக்கு ஒரே ஒரு பைத்தியம். கிட்டார்!

சாதாரணக் கிட்டார் இல்லை, மின்சாரக் கிட்டார். காட்டில் ஏது மின்சாரம் என்று கேட்காதீர்கள். ஒரு சுரைக்குடுக்கை நிறைய மின்மினிகளை அழைத்து உட்காரவைத்து, குடுக்கையிலிருந்து ஒரு கொடியை இழுத்துக் கிட்டாரில் செருகினால் தீர்ந்தது. கம்பியைத் தட்டினால் மலை முழுக்கக் கேட்கும்.

துடியனிடம் பலா மரத்தில் செய்த பழைய கிட்டார் ஒன்று இருந்தது. கம்பியை முறுக்கும் ஆணிகளை அவன் கையால் திருகுவதில்லை. பல்லால் கடித்துத்தான் திருகுவான். குரங்குச் சாதியே அப்படித்தானே? எதையும் ஒரு கடி கடித்துப் பார்க்காமல் விடாது. அந்தப் பழைய கிட்டாரில் அவன் நன்றாகவே வாசித்தான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளின் மேல் யாருடைய குறி இருக்கிறதோ, அந்தப் பொருள் அவருடையது. புலி கீறிய மரத்தின் நிழல் புலியுடையது. ஒரு பொருளை விற்றால், அதிலுள்ள குறியைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கை மாற்ற வேண்டும். நேற்றுப் பிறந்த முயல்குட்டிக்குக்கூட இது தெரியும். துடியனுக்கும் தெரியும்.

கிட்டார் என்றால் அந்தக் காட்டில் கரடியார்தான். அவர் கம்பியில் கை வைத்தால் மான் மேய்ச்சலை மறக்கும். இதைப் பார்த்த மரநாய் ஒரு கணக்குப் போட்டது. மரநாய்க்குக் கடை இருந்தது. பத்து வீடு விழுங்கினாலும் நிறையாத வயிறும் இருந்தது.

அது கரடியாரிடம் போய், "அண்ணா, என் கடைக் கிட்டார்களில் உங்கள் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள், போதும். வருகிற தேனெல்லாம் உங்களுக்கே" என்றது.

கரடியாருக்குத் தேன் என்றால் உயிர். "கீறுவதுதானே? கொண்டு வா" என்றார். உட்கார்ந்த இடத்திலேயே கீறிக் கொடுத்தார்.

மறுநாளே துடியன் கடை வாசலில் நின்றான். செம்பியும் கூட வந்தாள். அவள் பிள்ளையுண்டாகியிருந்தாள். வேகமாக நடந்தால் மூச்சு வாங்கியது.

"தம்பி, இந்தக் கிட்டாருக்கு ஒரு குலை வாழைப்பழம். அந்தக் கிட்டாருக்கு உன் மழைக்காலச் சேமிப்பு முழுவதும்" என்றது மரநாய். "உன் பழைய கிட்டாரையும் வைத்துவிட்டுப் போ."

செம்பிக்குப் பகீரென்றது. அந்த மலையில் மழை பிடித்தால் லேசில் விடாது. மரத்தைவிட்டு இறங்க முடியாது. பலாக்கொட்டை, நெல்லிக்காய், காட்டு மாங்காய், தேனடை என்று அவள் கோடை முழுவதும் பொறுக்கிச் சேர்த்ததை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். பிறக்கப்போகும் குட்டிக்குப் பால் சுரக்க வேண்டுமானாலும் அதுதான்.

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள்.

"மரம் ஒன்றுதான். கம்பி ஒன்றுதான். செய்ததும் ஒரே மரங்கொத்திதான்" என்றது மரநாய். "ஆனால் தாயே, அதில் கரடியார் நகம் இருக்கிறதே!"

"என்னங்க, கண்ணை மூடுங்கள்" என்றாள் செம்பி. துடியன் மூடினான். அவள் ஒரு கிட்டாரைத் தட்டினாள். "இது எது?"

"இதைக்கூடவா கேட்க வேண்டும்? நகம் பதித்தது! என்ன கம்பீரம், என்ன கனம்!"

"கண்ணைத் திறந்து பாருங்கள். வாழைப்பழக் கிட்டார்."

துடியன் தலையைச் சொறிந்தான். "இங்கே காற்று ஒரு மாதிரி அடிக்கிறது. அதனால்தான்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "செம்பி, உனக்குப் புரியாது. இதைத் தோளில் மாட்டினால் போதும், நானும் கரடியார் மாதிரி வாசிப்பேன். அருவித் திடல் கச்சேரியில் எல்லாரும் என்னைப் பற்றியே பேசுவார்கள்" என்றான்.

"பேசட்டும். மழை பெய்யும்போது அந்தப் பேச்சைத் தின்னலாம்" என்றாள் அவள். அது அவன் காதில் ஏறவில்லை.

சேமிப்பெல்லாம் கடைக்குப் போயிற்று. பழைய கிட்டாரும் போயிற்று. எங்கே துடியன் மனம் மாறிவிடுவானோ என்ற அவசரத்தில் மரநாய் எதையும் புரட்டிக்கூடப் பார்க்காமல் உள்ளே அள்ளிப் போட்டது. தேனடையை மட்டும் அன்றைக்கே கரடியாருக்கு அனுப்பியது.

கச்சேரி நாள் வந்தது. வானம் கறுத்துக் கிடந்தது. துடியன் புதுக் கிட்டாரை மாட்டிக்கொண்டு பாறைமேல் ஏறினான். மின்மினிக் குடுக்கை பளிச்சென்றது. அவன் ஒரு வரி வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான்.

"ஆகா! கரடியார் கிட்டார் அல்லவா, பேசுகிறது பார்!" என்றது ஒரு மான்.

வேகத்தில் ஓர் இடத்தில் விரல் வழுக்கியது. "ஐயையோ, கரடியார் கிட்டாரைப் போட்டு என்ன பாடு படுத்துகிறான் இந்தக் குரங்கு!" என்றது இன்னொரு மான்.

வாசித்து முடிக்கும்வரை துடியன் என்ற பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அடுத்துக் கரடியார் ஏறினார். அவர் கையிலிருந்த கிட்டாரைத் துடியன் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தான். அதில் நகக்குறி ஒன்றுகூட இல்லை!

"உங்கள் கிட்டாரில் உங்கள் குறி இல்லையே?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டான்.

"கீறினால் மரம் கெட்டுப்போகாதா? அதெல்லாம் கடைக்கு" என்றார் கரடியார். சொல்லிக்கொண்டே கம்பியை இழுத்தார். படாரென்று கம்பி அறுந்தது. அவர் கொஞ்சமும் கலங்காமல் துடியன் பக்கம் கையை நீட்டினார்.

"என் கிட்டாரைக் கொடு."

"இது... இது என்னுடையது! நான் விலைக்கு வாங்கியது!"

"யார் நகம் இருக்கிறது?"

துடியன் கிட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கூட்டம் முன்வரிசையில் நின்ற யானையாரைப் பார்த்தது. அந்தக் காட்டில் வழக்குத் தீர்ப்பவர் அவர். முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார். அவர் தும்பிக்கையால் நகக்குறியைத் தடவிப் பார்த்துவிட்டு மரநாய் பக்கம் திரும்பினார்.

"விற்கும்போது குறியைச் சுரண்டவில்லையா?"

"நன்றாய்க் கேட்டீர்கள்! சுரண்டினால் யார் வாங்குவார்கள்?" என்றது மரநாய்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யானையார் சிரிக்கவில்லை. "நகம் கரடியாருடையது. ஆகவே கிட்டாரும் கரடியாருடையது. சுரண்டாமல் விற்றது மரநாயின் தப்பு. அந்தக் குறிக்காகவே வாங்கியது துடியனின் தப்பு" என்றார்.

துடியன் கிட்டாரைக் கழற்றிக் கொடுத்தான். முதல் தூறல் மூக்கின் மேல் விழுந்தது. சேமிப்பும் போயிற்று, பழைய கிட்டாரும் போயிற்று, இதுவும் போயிற்று. செம்பியின் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மழையில் அவளுக்கு எதைத் தின்னக் கொடுப்பது என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

செம்பி அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தாள்.

"யானையாரே, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே?"

"ஒன்றுதான்."

"அப்படியானால் மரநாயின் கடையைக் கொஞ்சம் திறந்து காட்டச் சொல்லுங்கள்."

மரநாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லாரையும் கடைக்குக் கூட்டிப்போய்த் திறந்தது. செம்பி ஒரு காட்டு மாங்காயை எடுத்து நீட்டினாள். அதில் பல் குறி இருந்தது. நெல்லிக்காயிலும் பல் குறி. பலாக்கொட்டைகளில்கூடக் கடித்த தடம்!

"நாங்கள் குரங்குகள்" என்றாள் செம்பி. "கடித்துப் பார்க்காமல் எதையும் எடுத்து வைக்கமாட்டோம். இதெல்லாம் என் பல். அந்தப் பழைய கிட்டாரின் ஆணியைப் பாருங்கள், அது இவர் பல். எங்களைச் சுரண்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, யாரும் சுரண்டவுமில்லை."

"ஐயா, இது அநியாயம்! நான் விலைக்கு வாங்கியது!" என்று மரநாய் குதித்தது.

"சற்று முன்பு இந்தக் குரங்கும் இதையேதான் சொன்னான்" என்றார் யானையார். "எடுத்துக்கொண்டு போ, தாயே."

தேன் மட்டும் திரும்பவில்லை. அது கரடியாரின் வயிற்றில் இருந்தது. அங்கே போய் யார் பல் குறியைத் தேடுவது?

அன்று பிடித்த மழை விடவே இல்லை. அத்தி மரப் பொந்தில் செம்பி பலாக்கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். துடியன் பழைய கிட்டாரின் ஆணியைப் பல்லால் கடித்துத் திருகி, வாசிக்கத் தொடங்கினான். நனைந்தபடி மரத்தடியில் ஒதுங்கிய இரண்டு மான்கள் காதை நிமிர்த்தின.

"யார் வாசிப்பது?" என்றது ஒன்று.

"தெரியவில்லையா? நம் துடியன்தான்" என்றது மற்றொன்று.

நீதி: பிறர் பெயருக்கு விலை கொடுப்பவன் பொருளையும் இழப்பான், தன் பெயரையும் இழப்பான்.