அடிக்கல்லில் அப்பிய கொட்டலசு

முன்னொரு காலத்தில், செவ்வாறு கடலில் போய்ச் சேருகிற பூங்கழி நாட்டை மேகவாகனன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை வந்தால் சாயங்காலத்துக்குள் அது நடந்தாக வேண்டும். பக்கத்து நாட்டு ராசா புதுப் பட்டணம் கட்டுகிறான் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், "எனக்கும் ஒன்று!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

வேலை மந்திரி வித்தகநம்பியின் கைக்குப் போனது. தன்னைத் தவிர வேறு யாரையாவது ராசா பாராட்டினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆனி மாசம், ஆறு ஒரு கயிறு போல ஒடுங்கிக் கிடந்தபோது போனார். அரண்மனை வரப்போகிற முகத்துவாரத்தில் மார்பளவுக்கு ஒரு கருங்கல்லை அடிக்கல்லாக நட்டார். உச்சியில் ராசாவின் பேர், கீழே வரிசையாகப் பட்டங்கள், கடைசி வரியில் 'அலைகடல் அடக்கியோன்'. நட்டதோடு சரி, திரும்பிப் பார்க்கவில்லை.

புரட்டாசியில் சபை நடுவே, பட்டணத்தின் படம் தீட்டிய பட்டுத்துணியை விரித்தார். பட்டணம் பளபளத்தது.

"ஆறு எங்கே ஓய்?"

"ஓரத்தில் நீலக்கோடு தெரிகிறதே, அதுதான் மகாராசா. கோணல்மாணலாக ஓடியது. நேராக்கிவிட்டேன்."

"இந்தப் பச்சை?"

"அலையாத்திக் காடு. சேறும் வேரும்தான். வெட்டி மூடினால் நாலு தெரு கிடைக்கும்."

"அங்கே ஆள் இல்லையா?"

"நாற்பது குடிசை. நண்டு பிடிக்கிற கூட்டம்."

"அந்தக் கூட்டத்துல ஒருத்தி வந்திருக்கேன் ராசா" என்றது ஒரு குரல். வாசல்பக்கம் சிலம்பாயி நின்றாள். முழங்கால்வரை காய்ந்த சேறு. நண்டுக் குழி தோண்டுகிற இரும்புப் பாரையைக் காவல்காரன் பிடுங்கி வைத்திருந்தான்.

"மந்திரி ஐயா ஆனியில வந்தாரு. ஐப்பசியில அந்த இடம் எப்படி இருக்கும்னு பார்த்திருக்காரா?"

"நண்டுக்காரியிடம் நான் பட்டணம் போடப் படிக்க வேண்டுமோ?" என்று மந்திரி சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது.

சிலம்பாயி ராசாவின் பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு அந்த நாற்பது குடிசையைத் தவிர வேற இடம் இல்லை. போகச் சொன்னா போறோம். ஆனா, முகூர்த்தக்கால் நடாம யாராவது வீடு கட்டுவாங்களா ராசா? கட்டப்போற வீட்டுக்கு ஒரு கல்யாண முருங்கைக் கால் நடுங்க. ஒரு மண்டலம் போகட்டும். துளிர்த்தா நல்ல சகுனம், எங்க குடிசையை நாங்களே பிரிச்சுப் போட்டுடறோம். ஒரே ஒரு நிபந்தனை. நட்ட காலை நீங்களே வந்து பார்க்கணும்."

முருங்கைக் கொம்பு எங்கே நட்டாலும் துளிர்க்கும் என்று மந்திரிக்குத் தைரியம். "அப்படியே ஆகட்டும்" என்றார். மணல்மேட்டிலிருந்து முகத்துவாரம்வரை கால் நட்டார்கள்.

ஐப்பசி வந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மேட்டில் நின்ற கால்களெல்லாம் இலை விட்டன. ஆற்றோரத்துக் கால்களை வெள்ளம் கொண்டுபோனது. முகத்துவாரத்துக் கால்கள் உப்பில் கறுத்து அழுகின. சேதி கேட்ட மந்திரி, தோட்டத்திலிருந்து துளிர்த்த கொம்புகளை வெட்டிப் படகில் ஏற்றி அனுப்பினார். ஆட்கள் போனபோது கடல் ஏறியிருந்தது. தண்ணீரில் நின்றபடியே பழையதைப் பிடுங்கிப் புதியதை ஊன்றிவிட்டு வந்தார்கள்.

நாற்பத்தெட்டாம் நாள், தண்ணீர் வற்றிய நேரம். ராசா சேற்றில் இறங்கினார். ஒரு பாதுகை முதல் அடியிலேயே போய்விட்டது. ஆனாலும் பச்சைப்பசேல் என்று நின்ற கால்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன சிலம்பாயி, குடிசையைப் பிரிக்கலாமா?" என்றார் மந்திரி.

"பிரிச்சிடறோம் ஐயா. அதுக்கு முன்னால ராசா பேர் பொறிச்ச கல்லைக் கும்பிட்டுக்கறேன்."

ராசாவுக்கும் தன் பேரைப் பார்க்க ஆசை வந்தது. போனார். பேர் இருந்தது. அதன் கீழே ஒரு பட்டம் இருந்தது. அதற்கும் கீழே, அடிவரைக்கும், வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. தடவினார். விரலைக் கீறிவிட்டது.

"கொட்டலசு ராசா. கடல்ல நிக்கிற கல்லுலயும் கட்டையிலயும் ஓட்டோட ஒட்டி வளர்ற உயிரு. கடல்தண்ணி வந்து நிக்கிற உயரம்வரைக்கும் ஒட்டும், அதுக்கு மேல ஒட்டாது. கல்லுல உங்க இடுப்பளவு ஏறியிருக்கு. ரெண்டு முழம் தள்ளி நிக்கிற முகூர்த்தக்கால்ல ஒண்ணுகூட இல்லை. மந்திரி ஐயாவுக்குப் பயந்து விலகிப் போயிருக்குமோ?"

ராசா அந்தக் காலைப் பிடித்து இழுத்தார். சுலபமாகக் கையோடு வந்தது. அடியில் வேரே இல்லை; அரிவாள் வெட்டு இன்னும் பச்சையாக இருந்தது.

ராசாவுக்குக் கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. "முதலில் இதைச் சுரண்டுங்கள்! என் பட்டம் தெரிய வேண்டும்!"

"சுரண்டலாம்" என்றாள் சிலம்பாயி. "திரும்ப ஏறும், திரும்பச் சுரண்டலாம். அரண்மனை கட்டின பிறகு உங்க கட்டிலுக்கு அடியில கடல் வந்து நின்னா எதைச் சுரண்டுவீங்க?"

ராசா குனிந்து கல்லில் கடைசி வரியைத் தேடினார்; கொட்டலசுதான் தெரிந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் அடக்கின கடல் என் பட்டத்தையே மூடிப்போட்டதே! ஏம்மா, இந்தக் கல் உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"ஆவணியிலேயே தெரியும். சபையில சொல்லியிருந்தா மறுநாளே சுரண்டியிருப்பாங்க. உங்களைச் சேத்துல இறக்கணும்னுதான் கால் நடச் சொன்னேன்."

ராசா மிச்சமிருந்த பாதுகையையும் கழற்றி எறிந்தார். "கேளுங்கள். தானாகத் துளிர்த்த கால் இருக்கிற மேட்டில் வீடு. மற்றதெல்லாம் ஆற்றுக்கும் கடலுக்கும். காட்டில் ஒரு கிளை ஒடியக்கூடாது. நாற்பது குடிசையும் இருந்த இடத்தில் இருக்கும். பட்டணத்தை வகுக்கிற அதிகாரம் சிலம்பாயிக்கு. இந்தக் கல்லை யாரும் பெயர்க்கக்கூடாது. அமாவாசைக்கு அமாவாசை வித்தகநம்பி வந்து சுரண்டுவார்."

சிலம்பாயி தன் பாரையை மந்திரியின் கையில் கொடுத்தாள். "கீழேயிருந்து மேலே சுரண்டுங்க ஐயா. விரல் பத்திரம்."

மேட்டில் பட்டணம் எழுந்தது. முகூர்த்தக்கால்கள் வாசலுக்கு ஒரு மரமாகிச் செக்கச்செவேல் என்று பூத்தன. கீழே கல் இருந்தது. மந்திரி சுரண்டச் சுரண்ட, கொட்டலசு திரும்பத் திரும்ப ஏறியது. கதையும் மேட்டில் ஏறிக் கால் கழுவிக்கொண்டது.