அருளப்பன் கிளப்பிய சர்வர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்கு அருளப்பன்தான் தலைவர். புதிதாகச் சேர்ந்த செவ்வந்தியை முதலாளி ஒருநாள் எல்லார் முன்னாலும் புகழ்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவள் டிபன் டப்பாவைத் திறந்தால்கூட அருளப்பனுக்கு வயிறு எரிந்தது. "லினக்ஸ் சர்வர்ல வேண்டாத சாஃப்ட்வேரையெல்லாம் நீயே கூட்டிப் பெருக்கு" என்று எடுபிடி வேலையை அவள் தலையில் கட்டினார்.

அடுத்த வாரம் கரண்ட் போய் வந்தது. சர்வர் தானாக எழுந்துகொண்டது. அருளப்பன் முதலாளியிடம் ஓடினார்.

"சர்வரைக் கிளப்பிவிடறதே பூட்லோடர்ங்கற புரோகிராம்தானுங்க. முன்னாடியே நான் போட்டு வெச்ச பூட்லோடர் இருக்கப்போய்த்தான் தப்பிச்சோம்!"

"பலே!" என்று முதலாளி முதுகில் தட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். பொறாமை விட்டால்தானே? பக்கத்தில் நின்ற செவ்வந்தியைக் காட்டி, "நான் போட்டதை எடுத்துட்டு இந்தப் புள்ளையைச் சர்வரைக் கிளப்பச் சொல்லுங்க, பார்க்கலாம். முடியலைன்னா வீட்டுக்குப் போகட்டும்" என்றார்.

செவ்வந்தி பவ்யமாகக் கேட்டாள்: "இன்னொருக்கா எப்படிங்க சார் எடுக்கறது? சர்வர்ல ரெண்டு பூட்லோடர் இருந்துச்சு. கிளப்பறது வேற ஒண்ணு, உங்களுது சும்மா கிடந்துச்சு. நீங்க பெருக்கச் சொன்னப்பவே எடுத்துட்டனுங்க."

முதலாளி அருளப்பனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செவ்வந்தி பக்கம் திரும்பினார்.

"ஏனம்மிணி, வேண்டாதது இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?"