தணிகாசலனார் பிறந்தநாள் விளக்கு

"ஊரே உங்களைக் கும்பிடுகிறது. விழாவில் மட்டும் ஏன் அம்மா கடைசி வரிசையில் போய் உட்காருகிறீர்கள்?"

கேட்டவர் ஐனோ. பின்லாந்துக்காரர். அறுபது வயதைத் தாண்டியவர். தியானம் பழக வந்து, செங்கமலம் அம்மாவின் மடத்தில் தங்கித் தமிழும் கற்றுக்கொண்டவர். குருவுக்கு அவரைவிட வயது குறைவு.

"அங்கிருந்தால் சமையல் கொட்டகை தெரியும்," என்றார் குரு.

ஐனோவுக்கு விளங்கவில்லை.

அன்று தணிகாசலனாரின் பிறந்தநாள். கணவனை இழந்த பெண்களுக்கு மறுமணம் செய்துவைத்தவர். அதற்காக ஒருகாலத்தில் இந்த ஊர் அவர் தலையில் சாணியைக் கரைத்து ஊற்றியது. அவர் இறந்த பிறகு சிலை வைத்தது. இப்போது வருடம் தவறாமல் மாலை போடுகிறது.

வானம் மூடிக் கிடந்தது. பந்தல் துணி நனைந்து தொங்கியது.

விழாக் குழுத் தலைவர் தெய்வசிகாமணி அவர்களைத் தேடி வந்தார்.

"மேடம், நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணும். கடல் தாண்டி வந்திருக்கீங்க. எங்களுக்கெல்லாம் பெருமை."

ஐனோ குருவைப் பார்த்தார். குரு தலையசைத்தார்.

மேடையில் பட்டுச்சேலை கட்டிய ஐந்து பெண்கள் நின்றார்கள். ஐனோவுக்குக் குங்குமம் வைத்தார்கள். எரியும் மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்தார்கள். ஒருத்தி அவர் கூந்தலில் பூ வைக்கத் தொடங்கினாள்.

"இவங்க அஞ்சு பேரும் சுமங்கலிங்க," என்றார் தலைவர்.

"அப்படியென்றால்?"

"புருஷன் நல்லபடியா இருக்கிறவங்க. நல்ல காரியத்துக்கு அவங்க கையாலதான் விளக்கேத்தணும்."

"என் கணவர் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார்," என்றார் ஐனோ.

பூ வைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

தலைவர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதெல்லாம் உங்களுக்குக் கணக்கில்லை மேடம். நீங்க வெளிநாடு. ஏத்துங்க."

ஐனோ அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுடரைக் கையால் மறைத்தபடி மேடையை விட்டு இறங்கினார். கடைசி வரிசைக்கு வந்தார்.

"வெளிநாடு என்பதால் எனக்குக் கணக்கில்லையாம். நீங்கள் ஏற்றுங்கள் அம்மா. உங்கள் கணவரும் உயிரோடு இல்லையே."

"எனக்கும் கணக்கில்லை என்பார்கள். நான் சாமியார்." குரு சமையல் கொட்டகையைக் காட்டினார். "அதோ, பூரணி. அவளைக் கேளுங்கள்."

பூரணிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கணவன் லாரியில் அடிபட்டு இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விருந்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஐனோ அவள் முன் குனிந்தார்.

"வா. நாம் இருவரும் சேர்ந்து ஏற்றுவோம்."

பூரணி அரிவாள்மனையை விட்டு எழுந்தாள். ஈரக் கைகளைச் சேலையில் துடைத்தாள். ஐனோவின் முகம் மலர்ந்தது.

துடைத்த கைகளை அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. தை மாசம் என் தங்கச்சிக்குக் கல்யாணம். நான் விளக்கைத் தொட்டு, நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா என் தலையிலதான் விடியும்."

"அப்படி ஒன்றும் ஆகாது. உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும்மா. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியணுமே."

ஐனோ திரும்பிக் குருவைப் பார்த்தார்.

உருகிய மெழுகு விரலில் விழுந்தது. ஒலிபெருக்கி ஐனோவின் பெயரைச் சொல்லி அழைத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அழைத்தது.

ஐனோ மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். பூசணித் தோல்களுக்கு நடுவே, வெறும் தரையில் உட்கார்ந்தார். குரு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேடையில் தெய்வசிகாமணி தீக்குச்சி உரசினார். ஐந்து பெண்களில் மூத்தவர் விளக்கை ஏற்றினார். தணிகாசலனார் புகழ் ஓங்குக என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பந்தல் முழுக்கக் கைதட்டல் எழுந்தது.

பூரணியும் கைதட்டினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"இவள் எதற்குக் கைதட்டுகிறாள்?" என்று ஐனோ மெல்லக் கேட்டார்.

"இவளுடைய அம்மாச்சிக்கு இரண்டாம் தாலி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்," என்றார் குரு.