முதுகில் ஏறிய உடும்பு

முன்னொரு காலத்தில், உடும்புகள் பேசிக்கொண்டும் மனிதர்கள் வாயை மூடிக்கொண்டும் இருந்த காலத்தில், மணலூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜா இருந்தார். இருந்து என்ன பிரயோஜனம்? மலை உச்சியில் பூதாளன் என்ற மந்திரவாதி ஏழடுக்கு மாளிகை கட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தான். மாதக் கடைசியில் ராஜாவே அங்கேதான் ஆள் அனுப்புவார்.

அந்த ஊரில் செங்கமலம் முறுக்குச் சுட்டு விற்றாள். புருஷன் மாசிலாமணி மாட்டுவண்டி ஓட்டினான். யாருக்கும் ஒரு காசு பாக்கி இல்லை. அந்த வருஷம் மாசிலாமணியின் தங்கை பவளக்கொடி தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

மணலூரில் தாய்மாமன் சீர் என்றால் மேளம் முன்னே போக, நூற்றியொரு தாம்பாளம் பின்னே வர வேண்டும். நூறு வந்தால், அந்த ஒன்று எங்கே என்று வருஷம் முழுக்கக் கேட்பார்கள். கேட்கிற மகராசிகளில் ஒருத்தியாவது ஒரு தாம்பாளம் வாங்கித் தருவாளா? தரமாட்டாள்.

இருபது தட்டு போதும் என்றாள் செங்கமலம். தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பது என்று மாசிலாமணி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஒரு நாள் படுத்தான், இரண்டு நாள் படுத்தான். மூன்றாம் நாள் செங்கமலமே மலையேறினாள்.

பூதாளன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து நூறு பொன் கொடுத்தான். வட்டி மொத்தமாகப் பத்துக்கு ஒன்று என்றான். பத்திரம் எழுதவில்லை. உள்ளங்கை நீளத்தில் ஓர் உடும்புக் குட்டியை எடுத்து அவள் முதுகில் விட்டான்.

"இதுதான் பத்திரம். கார்த்திகை தீபம் ஏற்றுவதற்குள் இது தானாக இறங்கணும். இறங்காவிட்டால் நீ கல்லாகி என் மாளிகைக்கு ஒரு படியாவாய்."

செங்கமலம் குனிந்து பார்த்தாள். அவள் நின்ற படியில் ஒரு மூக்குத்தி மின்னியது.

சீர் அமர்க்களமாகப் போனது. பந்தியில் ஒருத்தி, கடன்கிடன் வாங்கினீர்களா என்று கேட்டாள். "எங்களுக்கு என்ன குறை?" என்றாள் செங்கமலம். உடும்பு ஒரு சாண் வளர்ந்தது. கோயிலில் கேட்டார்கள். எங்களுக்கு என்ன குறை என்றாள். இன்னொரு சாண். கடைவீதியில் கேட்டார்கள். அதே பதில், அதே சாண்.

முறுக்கு விற்ற பொன்னை உடும்பின் வாயில் போட்டாள். "இது வட்டி" என்று விழுங்கியது. மறுபடி போட்டாள். "இது வட்டிக்கு வட்டி." மூன்றாம் முறை போட்டாள். "இது என் பசிக்கு" என்றது. அறுபது பொன் இப்படியே உள்ளே போயிற்று. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அவளோ சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு, குளிர்ஜுரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆடி மாதம். ஆற்றுத்துறையில் குளிக்கப் போனாள். அங்கே பவளக்கொடியும் கம்பளியோடு தண்ணீரில் நின்றாள். கம்பளியோடு குளிப்பார்களா யாராவது? கால் வழுக்கியது, கம்பளி வெள்ளத்தோடு போயிற்று. பவளக்கொடியின் முதுகில், வால் முழங்காலைத் தொட, ஓர் உடும்பு.

"இது எப்போ ஏறுச்சு பவளம்?"

"நீங்க நூத்தியொரு தாம்பாளம் கொண்டு வர்றீங்கன்னு கேள்விப்பட்ட அன்னைக்கு, அண்ணி. அதுக்குத் தகுந்த விருந்து போட வேண்டாமா?"

செங்கமலத்துக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பவளக்கொடிக்குச் சீர் செய்ய இவள் கடன் வாங்கினாள். அந்தச் சீரை வரவேற்க அவள் கடன் வாங்கினாள். தின்றவர்கள் ஏப்பம் விட்டுப் போய்விட்டார்கள்.

கம்பளியை உருவி எறிந்தாள். துறையின் மேல்படியில் ஏறி நின்று, எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்: "நான் பூதாளன்கிட்ட நூறு பொன் வாங்கினேன். அறுபது கட்டிட்டேன். அத்தனையும் வட்டின்னு முழுங்குது இந்தச் சனியன். எல்லாரும் நல்லாப் பாருங்க."

நாற்பது ஜோடிக் கண் பட்டதும் உடும்பு கூசிச் சுருங்கியது. ஒரு சாண் குறைந்தது.

பிறகு துணி வெளுக்கிற வீராயி, கையிலிருந்த வேட்டியைக் கல்லில் போட்டுவிட்டுத் தன் முந்தானையை விலக்கினாள். "எனக்கு முப்பது. என் புருஷனுக்குத் தெரியாது. இந்நேரம் தெரிஞ்சிருக்கும்" என்றாள். சிரிப்பு கிளம்பியது. சிரிப்போடு சிரிப்பாக இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. உச்சிப்பொழுதுக்குள் கரையில் கம்பளிகள் குவிந்துவிட்டன.

அன்றே பேசி வைத்தார்கள். வெள்ளிதோறும் காலையில் எல்லோரும் துறைக்கு வர வேண்டும். கட்டுவதை எல்லோர் முன்னாலும் கட்ட வேண்டும். முதல் வெள்ளி செங்கமலம் பொன்னைப் போட்டாள். உடும்பு "இது வட்டி" என்று ஆரம்பித்தது. பத்துக்கு ஒன்று என்றால் நூறுக்குப் பத்துதான், அது எப்போதோ தீர்ந்தது என்று வீராயி கணக்கைப் பிட்டு வைத்தாள். "இது அசல்" என்றார்கள் நாற்பது பேரும் ஒரே குரலில். உடும்பு வாயை மூடிக்கொண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். அந்தச் சத்தத்தில் உடும்பின் ஒரு நகம் பிடி விட்டது.

மாசிலாமணி சுவரை விட்டு எழுந்து, மூன்று ஊர்ச் சந்தைக்கு முறுக்கு ஏற்றிப் போனான். பவளக்கொடி மாவு பிசைந்தாள்.

பூதாளன் சும்மா இருப்பானா? தீபாவளிக்கு முன் பட்டுப்புடவையோடு வந்தான். இப்போது கட்டிக்கொள், பிறகு கொடு என்றான். கிளிப்பச்சை, அரக்குக் கரை. செங்கமலத்தின் கை நீண்டே விட்டது. பவளக்கொடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பழைய புடவையில மஞ்சள் வச்சுக் கட்டிக்கலாம் அண்ணி. நானும் அப்படித்தான்."

அடுத்து, கடன்காரிகளின் பேரைத் தண்டோரா போட்டான். எங்களுக்கே தெரிந்த சேதியை எங்களுக்கே சொல்கிறானே என்று வீராயி குலவையிட்டாள். தண்டோராக்காரன் முறுக்கு வாங்கித் தின்றுவிட்டுப் போனான்.

கார்த்திகை வந்தது. தீபத்தன்று இன்னும் ஒரே ஒரு பொன் பாக்கி. மழையில் சந்தை கலைந்துவிட்டது. மூன்றாம் முறையாக வந்த பூதாளன் தன் கோலைத் தரையில் தட்டினான். செங்கமலத்தின் பாதம் கல்லானது. கணுக்கால் கல்லானது. முழங்கால் கல்லானது. அவள் தலையைத் தொங்கப்போட்டாள்.

"கை இருக்கே அண்ணி. சுடுங்க" என்றாள் பவளக்கொடி.

அடுப்பைத் தூக்கி அவள் முன் வைத்தார்கள். இடுப்பு கல்லாகக் கல்லாக அவள் பிழிந்தாள், பொரித்தாள், அள்ளினாள். மாசிலாமணி மழைவிட்ட மலைப்பாதையில், தீபம் பார்க்க வந்த கூட்டத்திடம் ஓடி ஓடி விற்றான். பெண்கள் குலவையை நிறுத்தவேயில்லை. தொண்டை கட்டியவள் நகர, அடுத்தவள் தொடர்ந்தாள்.

கோயிலில் திரி எடுத்த நேரம், கடைசிப் பொன் உடும்பின் வாயில் விழுந்தது. எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்தார்கள். அது விழுங்கியது.

"அசல்" என்று உடும்பே சொன்னது.

சொல்லிவிட்டுச் சருகாக உதிர்ந்தது. செங்கமலத்தின் கல் உருகித் தசையானது. பூதாளனின் கோல் வெறும் குச்சியானது. மலைமேல் மாளிகைப் படிகள் ஒவ்வொன்றாக எழுந்து, சோம்பல் முறித்து, வீடு பார்த்து நடந்தன. மறுநாள்தான் ராஜா விழித்துக்கொண்டார். பேசிய வட்டிக்கு மேல் ஒரு காசு கேட்டால் சிறை என்று பறையறைவித்தார். இத்தனை நாள் எங்கே போயிருந்தாராம்?

அடுத்த வெள்ளிக்கிழமை செங்கமலம் விடியலில் எழுந்து துறைக்குக் கிளம்பினாள். நமக்குத்தான் தீர்ந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று மாசிலாமணி கேட்டான்.

"பவளத்துக்கும் பாக்கி. வீராயிக்கு இன்னும் பதினொண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு, குலவைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டே படியிறங்கினாள்.

அவர்கள் அங்கே நிமிர்ந்து நடக்கிறார்கள். கேட்ட நீங்களும் இங்கே நிமிர்ந்து நடங்கள்.