வைரத்துக்கு ஒரு வரம்பு

கொல்லிமலை அடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி உட்காரும் தியானக் கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் அரசி அம்மா. வயது நாற்பத்தொன்று. தபால் நிலைய வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவரிடம் மூன்று வருடமாகப் பாடம் கேட்டுவந்தவர்களில் ஒருவர் தில்லைநாயகம். நாமக்கல்லில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அம்மாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் போகவில்லை.

"அம்மா, எனக்கு ஓர் அளவு சொல்லோணும்."

"எதுல?"

போனில் தான் ஆடும் விளையாட்டு ஒன்றைப் பற்றிச் சொன்னார். கோட்டை கட்ட வேண்டும், படை சேர்க்க வேண்டும், அடுத்தவர் கோட்டையோடு சண்டை போட வேண்டும். அதற்கெல்லாம் வைரம் வேண்டும். நிஜப் பணம் கொடுத்தால் அந்த வைரம் கிடைக்கும். முகம் தெரியாத நாற்பது பேர் அவர் படையில் இருந்தார்கள். அவரைத் தளபதி என்று அழைத்தார்கள். கடைக்கு வருகிறவர்கள் அப்படி அழைப்பதில்லை.

"மாசம் ஆயிரம் ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு அந்த விளையாட்டுலயே ஒரு வரம்பு வெச்சேன். அது ரெண்டாயிரம் ஆச்சு. இப்ப ஏழாயிரத்துல நிக்குது."

"யார் ஏத்தினது?"

"நான்தான்."

"முதல்ல வெச்சது?"

"அதுவும் நான்தானுங்க. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க ஒரு தொகை சொல்லுங்க. நான் தாண்ட மாட்டேன்."

அம்மா தொகை எதுவும் சொல்லவில்லை.

"பூட்டு மாதிரி ஏதாவது அதுல இல்லையா?"

இருந்தது. நம்பிக்கையான ஒருவரின் போன் எண்ணைக் கொடுத்துவைக்கலாம். அதன் பிறகு வரம்பைத் தாண்ட நினைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் போனுக்கு நாலு இலக்கம் குறுஞ்செய்தியாகப் போகும். அதைக் கேட்டு வாங்கிப் போட்டால்தான் திறக்கும்.

"என் நம்பரைப் போட்டுக்குங்க," என்றார் அம்மா. அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன்.

தில்லைநாயகம் வரம்பை மறுபடி ஆயிரம் ஆக்கினார். அம்மாவின் எண்ணைப் போட்டார். ஊர் திரும்பும் பஸ்ஸில் மனசு லேசாக இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு வைரம் வேண்டும் என்று கேட்க எந்த மனுஷனுக்கு வாய் வரும்?

ஒன்பதாம் நாள் அவருக்கே வாய் வந்தது.

"அம்மா, இன்னைக்குப் பெரிய சண்டை. நாப்பது பேரும் என்னை நம்பி நிக்கறாங்க. இந்த ஒரு தடவை."

"நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு," என்றார் அம்மா.

தில்லைநாயகம் அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டு விழும், அதோடு போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். எண்ணைப் போட்டார். வைரம் வந்தது. சண்டையில் ஜெயித்தார்கள்.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். படையில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள், ஏதாவது பரிசு கொடுக்காவிட்டால் நன்றாக இருக்காது என்றார். பிறந்தநாள் உண்மைதான். பரிசுக்கு வேண்டியதைப் போல நாலு மடங்கு வாங்கினார். அம்மா அன்றைக்கும் எண்ணைச் சொன்னார். சொல்லிவிட்டு, "மழை உண்டா அங்க?" என்று கேட்டார்.

மூன்றாவது முறை ஒரு வியாழக்கிழமை காலை. கடையில் ஆள் இல்லை. எதிரிப் படை அவருடைய கோட்டையின் பாதியைத் தகர்த்திருந்தது. இதற்குப் போய் மூன்றாம் தடவையாகக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. போனைக் காதில் வைத்தபோது வாயில் வேறொன்று வந்தது.

"அம்மா, எம் சம்சாரம் வேதவல்லிக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். இங்க கட்டறதுக்குப் போன்ல பணம் போகவே மாட்டேங்குது. அந்தப் பூட்டுதான் தடுக்குது போல."

அம்மா வேகமாக நாலு இலக்கத்தையும் இரண்டு தரம் சொன்னார். "பக்கத்துலயே இருங்க. இங்க நாங்க பாத்துக்கறோம்," என்றார்.

எதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று தில்லைநாயகம் கேட்கவில்லை. கோட்டையைத் திரும்பக் கட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதவல்லி தானும் கூடத்துக்கு வருவதாகச் சொன்னார். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வருவதுதான். வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்குத் தேடினார் தில்லைநாயகம். கிடைப்பதற்குள் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்றார்.

கூடத்தின் படியில் அம்மா இருந்தார். வேதவல்லியைப் பார்த்ததும் இறங்கி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எந்திரிச்சு வந்துட்டீங்களா? நெஞ்சு வலி எப்படி இருக்கு? வியாழக்கிழமை மத்தியானம் பதினொரு பேர் உங்களுக்காக உக்காந்தோம். சாப்பிடக்கூட யாரும் போகல."

வேதவல்லி அம்மாவைப் பார்த்தார். பிறகு கணவனைப் பார்த்தார். தில்லைநாயகம் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். வார் இல்லாத செருப்பு அது.

"இப்ப பரவால்லீங்கம்மா," என்றார் வேதவல்லி. "வெறும் வாயுப் பிடிப்புன்னு டாக்டர் சொல்லிட்டார்."

சொல்லிவிட்டு, பழத்தை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். அங்கிருந்த பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மாத்திரையெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று இன்னொருத்தர் கேட்டார். சாப்பிடுகிறேன் என்று வேதவல்லி பதில் சொல்வது தில்லைநாயகத்துக்குக் கேட்டது. முப்பது வருடத்தில் அவர் பொய் சொல்லி இவர் கேட்டதில்லை.

அன்றைய தியானத்தில் அவரால் கண்ணை மூட முடியவில்லை. முடிந்ததும் அம்மாவிடம் போனார்.

"அவளுக்கு நெஞ்சு வலி வரலீங்க."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"படியில அவங்க மூஞ்சியைப் பாத்தப்ப."

தில்லைநாயகத்துக்குக் கோபம் வந்தது.

"முதல் தடவையே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமில்லீங்களா? உங்களை நம்பித்தானே பூட்டைக் கொடுத்தேன்?"

"சொல்லியிருந்தா?"

பதில் சொல்ல வாயெடுத்தார். அது உண்மையா என்று ஒரு தரம் யோசித்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டார்.

"அவளோட நெஞ்சு வலி முதல் தடவையே வந்திருக்கும்," என்றார்.

அம்மா தலையசைத்தார்.

"சண்டைன்னு சொன்னீங்களே, அன்னைக்கு எதுக்குன்னு நான் கேட்டேனா?"

"இல்லீங்க."

"பிறந்தநாளைக்கு?"

"இல்லீங்க."

மூன்றாவதை அம்மா கேட்கவில்லை.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது. வேதவல்லியை யாரோ எழுந்திருக்க வேண்டாம் என்று தடுத்துக்கொண்டிருந்தார்கள். தில்லைநாயகம் போனை எடுத்தார். அதற்கும் கேட்ட நாலு இலக்கத்தை அம்மாவிடமே வாங்கி, அம்மாவின் எண்ணை நீக்கினார். வரம்பைப் புதிதாகக் குறிக்கும்படி திரையில் ஒரு கட்டம் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கட்டத்துக்குக் கீழே, பின்னர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

"இனிமே நானே வெச்சுக்கறேம்மா. தொகை மட்டும் சொல்லுங்க. எவ்வளவு போடட்டும்?"

"காரணம் தேடாம எவ்வளவு வாங்க முடியுமோ, அவ்வளவு."